தவமணி கதவில் இருந்த கிளிப்பு

உக்காருங்க அம்மிணி, தாராளமா உக்காருங்க. பையை இப்படிக் குடுங்க, என் மடி சும்மாதான் இருக்கு. திண்டுக்கல்லுக்கா? அப்ப நீங்க என்னைத் தாண்டிப் போறவங்க. நான் ஒட்டன்சத்திரம் தாண்டி கரட்டுப்பட்டி பிரிவுல இறங்கணும்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

ஆமாங்க, நான்தான். கிளிப்பு அக்கா. போன்ல பாத்தீங்களா? நேர்ல கொஞ்சம் கருப்பா இருக்கேனா? அது மேடை வெளிச்சங்க. அதுல ஒரு எருமையைக் கொண்டுபோய் நிறுத்துனாலும் செவப்பாத்தான் தெரியும். முழுசாப் பாத்தீங்களா, இல்ல கைதட்டற இடம் மட்டுமா? எல்லாரும் கைதட்டற இடத்தை மட்டும் வெட்டி வெட்டி அனுப்பறாங்க. முழுசாப் பாத்தவங்க ரொம்பக் கம்மி. அதுவும் நல்லதுதான்.

கண்டக்டரு சிரிச்சுக்கிட்டுப் போறாரு பாத்தீங்களா? டிக்கெட் வாங்கறப்ப கேட்டாரு, "இன்னைக்காவது இறங்குவியாம்மா, இல்ல திண்டுக்கல்லுக்கே போட்டுடட்டுமா"ன்னு. அவருக்கு எப்பவும் கேலிதான். அது ஒண்ணுமில்லைங்க, அப்பறம் சொல்றேன். கடலை எடுத்துக்கங்க.

என் பேரு கிருஷ்ணவேணி. வேணின்னுதான் கூப்பிடறது. காங்கயம் பக்கம் ஊரு. ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சேன், கணக்குல எண்பத்தாறு. கல்யாணமாகி திருப்பூரு. அவரு சாயப்பட்டறையில ராத்திரி வேலை, நான் பனியன் கம்பெனியில செக்கிங். தையல் விட்டிருக்கா, ஓட்டை இருக்கா, கறை இருக்கான்னு பாத்து ஒதுக்கறது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் கண்ணுல படும். ஒரு பையன், கவின், யூகேஜி படிக்கறான்.

எங்களுது காம்பவுண்டு வீடுங்க. ஆறு கதவு, மூணுக்கு மூணு எதிரெதிரா. ஆறு வீட்டுலயும் ஆளுக்கொரு சின்னது இருந்துச்சு. பாலவாடி பத்து மணிக்குத் திறக்கும், கம்பெனி எட்டரைக்கு சங்கு ஊதும். நடுவுல இருக்கற ஒண்ணரை மணி நேரத்துக்கு குழந்தையை எங்க வைக்கறது, தலையிலயா? பாலவாடி மூடுன பின்னாடியும் அதே கதைதான். அப்பத்தான் குழாயடியில பேசி ஒரு ஏற்பாடு பண்ணுனோம். ஆறு பேரு, வாரத்துல ஆறு நாள் வேலை. ஒருத்தி ஒரு நாள் லீவு போட்டு எல்லாக் குழந்தையையும் பாத்துக்கிட்டா மத்த அஞ்சு பேரும் நிம்மதியாப் போலாம். கிழமை போட்டுக்கலாம்னா நடக்காது. லோடு ஏத்தற நாள்ல லீவு கேட்டா சூப்பர்வைசரு கேக்கற கேள்வியில காது புளிச்சுப் போயிரும். அதனால முறையை மாத்திக்கிட்டே இருப்போம்.

மாத்திக்கிட்டே இருந்தா குழப்பம் வருமில்லைங்களா? அதுக்குத்தான் கிளிப்பு. கொடியில துணிக்கு மாட்டற பிளாஸ்டிக் கிளிப்பு, மஞ்சக் கலரு. அதை முறைக்காரி கதவு நாதாங்கியில மாட்டிடறது. காலையில யாரு கதவுல கிளிப்பு இருக்கோ அவ அன்னைக்கு வேலைக்குப் போகக் கூடாது. அவசரமா அடுத்தவளுக்கு மாத்தணும்னா அவகிட்ட வாயைத் திறந்து கேக்கணும். அவ சரின்னு சொன்னதும் நம்ம கையாலயே கொண்டுபோய் அவ கதவுல மாட்டணும். இவ்வளவுதான் எங்க சட்டம்.

இதைப் போயி ஒரு பெரிய விஷயம்னு வந்தாங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். காலேஜ் பசங்களும் வேலையில இருக்கற சின்ன வயசுக்காரங்களும் அவங்களா சேந்து நடத்தற பேச்சு மேடை. சர்க்காருது இல்ல, எந்தக் கம்பெனியோடதும் இல்ல. இங்கிலீஷ்ல ஒரு பேரு, எனக்கு வாயில வராது. நாங்க 'பன்னெண்டு நிமிஷம்'னு சொல்லுவோம். ஒரு ஆளுக்குப் பன்னெண்டு நிமிஷம், ஒரு யோசனை, அவ்வளவுதான். நம்மூரு கூட்டம் மாதிரியே இல்லைங்க. பொன்னாடை கிடையாது, குத்துவிளக்கு கிடையாது, தலைமை கிடையாது. எல்லாருக்கும் வணக்கம்னு கூட ஆரம்பிக்கக் கூடாதாம்! பேப்பர் வச்சுக்கக் கூடாது. தரையில வட்டமா ஒரு செவப்பு விரிப்பு, அதை விட்டு வெளிய கால் வைக்கக் கூடாது. காலுக்குக் கீழ ஒரு கடிகாரம், பன்னெண்டுல இருந்து கீழ எண்ணிக்கிட்டே வரும். நான் கேட்டேன், "ஏனுங்க, மைக்கை மூஞ்சியில ஒட்டறீங்க, கால்ல கடிகாரம் வைக்கறீங்க, இது பேச்சா, வைத்தியமா"ன்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

எனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குன்னு ஒரு பொண்ணைப் போட்டாங்க, நிரஞ்சனா. வீட்டுக்குப் பிளான் வரையற படிப்பு படிச்சவ. தங்கமான பொண்ணு, அவ மேல ஒரு தப்பும் இல்ல. ஆறு வாரம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கே வந்து, தரையில உக்காந்து, நான் பேசப் பேச எழுதுனா. முதல் நாளே கேட்டா, "அக்கா, இது எங்க ஆரம்பிச்சுது? எந்த நிமிஷத்துல?"

"என்ன நிமிஷம்? குழாயடியில பேசிக்கிட்டோம்"னேன்.

"அது போதாதுக்கா. ஏதோ ஒண்ணு நடந்திருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு வேணி, அதுக்குப் பின்னாடி ஒரு வேணி."

நான் சும்மா இருந்திருக்கலாம். கவினுக்கு சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன். வாயி தானா சொல்லிருச்சு, "எங்க காம்பவுண்டுல ஒரு குழந்தை செத்துப்போச்சு"ன்னு.

அவ பேனாவைக் கீழ வச்சுட்டா. கண்ணு நிறைஞ்சுருச்சு. துடைச்சுக்கிட்டு, "இதுதான்க்கா ஆரம்பம்"னா.

நான் உடனே சொன்னேங்க, மறைக்கல. "இல்ல கண்ணு, கிளிப்பு வந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் அது"ன்னேன். அவ யோசிச்சா. "வரிசையைக் கொஞ்சம் மாத்தி வைக்கறோம், அவ்வளவுதான்க்கா. குழந்தை போனதும் நிஜம், கிளிப்பும் நிஜம். முதல்ல குழந்தையைச் சொல்லிட்டு அப்பறம் கிளிப்பைச் சொன்னா கேக்கறவங்க மனசுல நிக்கும். நீங்க பொய் சொல்லல"ன்னா. சரிதானே? மாத்தி வைக்கறது எங்களுக்குப் புதுசா என்ன? தினம் மாத்தி மாட்டறவங்கதானே.

இன்னொண்ணு சொல்லிக் குடுத்தா. அது எனக்கு ரொம்ப நல்லா வந்துச்சு. "ஒரு நாள் காலையிலன்னு மொட்டையாச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பாலு பொங்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லுங்க, நம்பிடுவாங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு சின்ன விஷயம் போதும்." நான் சொல்லச் சொல்ல அவளே அசந்துட்டா. "உங்களுக்குப் பிறவியிலேயே இருக்குக்கா"ன்னா.

தவமணியைப் பத்திச் சொல்லலையே. அவதான் அந்தக் குழந்தையோட அம்மா. எங்களுக்கு நேர் எதிர் கதவு. ஊரு கரட்டுப்பட்டி. ஆமாங்க, இப்ப அவளைப் பாக்கத்தான் போறேன். என்னை விட நாலு வயசு சின்னவ. குழந்தை பேரு ரித்திகா, ரித்து ரித்துன்னு கூப்பிடுவோம். ரெண்டரை வயசு. யாரு வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் "மாமா என்ன பண்றீங்க"ன்னு உள்ள வந்துரும். பொம்பளையா இருந்தாலும் மாமாதான். என்னையும் மாமாம்பா.

தண்ணி வர்ற நாளு. தரைத்தொட்டி மூடியை யாரோ சரியா மூடல. அவ்வளவுதான். தவறி விழுந்துருச்சுன்னு போலீஸ்ல எழுதிக்கிட்டுப் போனாங்க. அது ஆச்சு ரெண்டு வருஷம்.

பேச்சுக்கு தவமணியையும் கூட்டிட்டு வரச் சொன்னா நிரஞ்சனா. மூணாவது வரிசையில உக்காரட்டும், முடிக்கறப்ப எந்திரிக்கச் சொல்லலாம்னா. தவமணிகிட்டக் கேட்டேன். "நீங்க சொன்னா சரிக்கா"ன்னா. அவ அப்படித்தான். எது கேட்டாலும் நீங்க சொன்னா சரிக்கா.

மேடையில என்ன சொன்னேன்னு நீங்களே பாத்திருப்பீங்க. ஒரு அம்மா, பாத்துக்க ஆளில்லாம, குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போனா. பாலு பொங்கி அடுப்புல வழிஞ்சிருந்துச்சு. ஒத்தைச் செருப்பு தொட்டிக்கிட்ட கிடந்துச்சு. அன்னைக்கு நாங்க ஆறு பேரும் முடிவு பண்ணுனோம், இனிமே இந்தக் காம்பவுண்டுல எந்தக் குழந்தையும் தனியா இருக்காதுன்னு. சொல்லிட்டு கிளிப்பை எடுத்துக் காட்டுனேன். பின்னாடி திரையில அதையே வீட்டுக் கதவளவு பெருசாக் காட்டுனாங்க. அதே மஞ்சக் கிளிப்புதாங்க. "அந்த அம்மா இன்னைக்கு இங்க வந்திருக்காங்க"ன்னு சொன்னேன்.

அவ எந்திரிச்சா. நானூறு பேரும் எந்திரிச்சாங்க. அப்படி ஒரு கைதட்டு. தவமணி எதுக்குன்னே தெரியாம கையெடுத்துக் கும்பிட்டா. காமிரா அவளுக்குப் பின்னால இருந்துச்சு, அதனால வீடியோவுல முதுகுதான் தெரியும். மூஞ்சி எனக்கு மட்டும்தான். வாயி அசைஞ்சுச்சு. "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க"ன்னு என்னைப் பாத்துச் சொல்லுச்சு. நான் சிரிச்ச மூஞ்சியாவே நின்னேன். முடிவுல சிரிக்கணும்னு பழக்கியிருந்தாங்க.

அந்தக் கடிகாரம் இருக்கு பாருங்க, அது பூஜ்யம் வந்தா நின்னுரும்னு நினைச்சேன். நிக்கலைங்க. செவப்பா கண்ணடிச்சுக்கிட்டு மேல எண்ண ஆரம்பிச்சுருச்சு. எவ்வளவு நேரம் கூடப் பேசறோம்னு காட்டுமாம். ஒண்ணு, ரெண்டு, மூணு... நான் இறங்கி வர்ற வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாராச்சும் நிறுத்தியிருப்பாங்க. நிறுத்துனதை நான் பாக்கலை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு டவுன் பஸ்ல வந்தோம், ரெண்டு பேரும். தவமணி சன்னலைப் பாத்துக்கிட்டே கேட்டா, "அக்கா, ரித்து இருந்தப்ப கிளிப்பு இல்லையாக்கா?"

"மேடைக்காக அப்படி மாத்திச் சொல்றது தவமணி."

"அப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என் கதவுலயா?"

"ஆமா"ன்னேன். அது சத்தியமான உண்மைங்க. கிளிப்பு அவ கதவுலதான் இருந்துச்சு. ஊரே பாத்துச்சு.

"ஆமால்ல"ன்னா.

வீடியோ வந்து பதினஞ்சு நாள்ல நாலு லட்சம் பேரு பாத்துட்டாங்க. அவ மாமியாரு வீட்டுலயும் பாத்திருக்காங்க. ரெண்டு வருஷமா விதின்னு சொல்லிக்கிட்டு இருந்த பொம்பளை, "குழந்தையைத் தனியா விட்டுட்டுப் போனவன்னு ஊரு உலகமே சொல்லுது, அவ இன்னமும் உன் வீட்டுல எதுக்கு"ன்னு மகனுக்குப் போன் போட்டிருக்கு. அவனும் சண்டை போட்டு அவங்கம்மா ஊருக்குப் போயிட்டான். இவ நாலு பாத்திரத்தைக் கட்டிக்கிட்டு கரட்டுப்பட்டிக்கு வந்துட்டா. நான்தாங்க பஸ் ஏத்தித் தாட்டிவிட்டேன். "கொஞ்ச நாள் அம்மா கையால சாப்பிட்டு வா"ன்னு சிரிக்க வச்சுத்தான் அனுப்புனேன்.

என்ன கேட்டீங்க? அன்னைக்கு கிளிப்பு அவ கதவுல இருந்தும் அவ ஏன் வேலைக்குப் போனான்னா?

நீங்க முழுசாக் கேக்கறவங்கதான். இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை. நிரஞ்சனா கூடக் கேக்கல.

சரி, சொல்றேன். நீங்க திண்டுக்கல்லு போறவங்க, நான் பிரிவுல இறங்கறவ. மறுபடி எங்க பாக்கப் போறோம்.

பங்குனி நோம்பிக்கு நாலு வீடும் ஊருக்குப் போயிருந்துச்சு. காம்பவுண்டுல நானும் தவமணியும்தான். அன்னைக்கு முறை என்னுது. கிளிப்பு என் கதவுல. காலையில ஆறு மணிக்கு சூப்பர்வைசரு போன் பண்றாரு, "ஆள் இல்ல, இன்னைக்கு லோடு போகலைன்னா ஆர்டரே போயிரும், ஒண்ணரை ஷிப்டு போட்டுத் தர்றேன், உடனே வா"ன்னு. தவமணி முந்தின நாள் சொல்லிக்கிட்டு இருந்தா, அவ கம்பெனிப் பக்கம் நாளைக்குப் பூரா கரண்டு இருக்காது, லீவுன்னு. அப்ப அவ வீட்டுலதானே இருக்கப் போறா? கேக்கலாம்னுதாங்க போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. லைட்டு எரியல. லீவு நாள்ல தூங்கட்டும், பாவம்னு எழுப்ப மனசு வரல. நல்ல எண்ணத்துலதான் எழுப்பாம விட்டேன். கிளிப்பை எடுத்து அவ நாதாங்கியில மாட்டுனேன். எந்திரிச்சதும் பாத்துக்குவான்னு நினைச்சேன்.

கவின் அவங்கப்பாகிட்ட தூங்கிக்கிட்டு இருந்தான். அவரு ராத்திரி வேலை முடிஞ்சு அப்பத்தான் படுத்தாரு. நான் போயிட்டேன்.

எட்டு மணிக்கு தவமணிக்குப் போன். ஜெனரேட்டர் போட்டாச்சு, வேன் வருதுன்னு. அவ என்ன பண்ணுவா? முறை வேணி அக்காவுதுன்னு அவளுக்குத் தெரியும். தன் கதவை யாருங்க பாப்பாங்க? குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு கையில பையோட அவசரமா வெளிய வர்றவ, கதவை முதுகாலதான் சாத்துவா. நேரா என் வாசலுக்கு வந்திருக்கா. "அக்கா, பாப்பாவை விட்டுட்டுப் போறேன்"னு குரல் குடுத்திருக்கா. உள்ள இருந்து எங்கவீட்டுக்காரரு தூக்கத்துலயே "ம்"ன்னிருக்காரு. அவருக்கு அது ஞாபகமே இல்லைங்க. ரித்துவை என் வாசப்படியில உக்கார வச்சு, கையில ஒரு பிஸ்கட்டைக் குடுத்துட்டு வேனுக்கு ஓடியிருக்கா.

என் வாசப்படியில.

பாலும் பொங்கல, செருப்பும் கிடக்கல. அந்தக் குழந்தை செருப்பே போடாது. அதெல்லாம் நான் மேடைக்குச் சேத்தது.

சேதி கேட்டு கம்பெனியில இருந்து நான் போய்ச் சேந்தப்ப தவமணி தரையில கிடந்தா. பக்கத்துக் காம்பவுண்டு ஆளுகளெல்லாம் இருந்தாங்க. போலீஸ்காரரு கிளிப்பைப் பாத்து இது என்னன்னு கேட்டாரு. யாரோ விளக்கம் சொன்னாங்க, "இது யாரு கதவுல இருக்கோ அவதான் பாத்துக்கணும்"னு. தவமணி அப்பத்தான் தலையைத் தூக்கித் தன் கதவைப் பாத்தா. பாத்துட்டு என்னைப் பாத்தா. கோவமாப் பாக்கலைங்க. கணக்கு வராத பிள்ளை வாத்தியாரைப் பாக்குமே, அப்படி.

நான் சொன்னேன், "நேத்துப் பொழுதோட உன்கிட்ட சொன்னேனே தவமணி, நாளைக்கு நீ பாத்துக்கோன்னு. நீ சரிக்கான்னியே"ன்னு.

அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்பறம், "ஆமாக்கா, சொன்னீங்க"ன்னா.

நான் வற்புறுத்தலைங்க. அவளாத்தான் ஒத்துக்கிட்டா.

என்னங்க, தண்ணி குடிங்க. உங்க மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு? ரெண்டு வருஷம் ஆன விஷயம். நான் நல்லாத்தான் இருக்கேன். சாப்பிடறேன், வேலைக்குப் போறேன், சிரிக்கறேன். தூக்கமும் நல்லா வருது. காலையில ஆறு மணிக்கு மட்டும் முழிப்பு தட்டிரும். எந்திரிச்சுப் போயி ஆறு கதவையும் ஒரு தடவை பாத்துட்டு வந்துருவேன். இப்ப காம்பவுண்டுல பச்சைக் கிளிப்பு. மஞ்சக் கிளிப்பு என்கிட்ட இருக்கு, பர்சுல. பச்சை எங்க இருக்குன்னு பாத்துட்டு வர்றது, அவ்வளவுதான். எங்கவீட்டுக்காரரு "உனக்கு என்னடி, கூர்க்கா வேலை குடுத்திருக்காங்களா"ம்பாரு.

போன்தான் கொஞ்சம் தொந்தரவு. கரட்டுப்பட்டி போனதுல இருந்து தவமணி வாரத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடறா. அவ அழுதா நான் ஏதாச்சும் சமாதானம் சொல்லிருவேன். அவ அழ மாட்டேங்கறா. ஒரே கேள்விதான் கேக்கறா.

"அக்கா, நீங்க அன்னைக்கு என்கிட்ட சொன்னப்ப நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

முதல் தடவை எனக்கு ஒண்ணும் தோணல. "அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தே"ன்னேன். சின்ன விஷயம் ஒண்ணு சொன்னா மனசு நிம்மதியாயிரும்னு நினைச்சேன். அவ, "ஆமாக்கா, இப்ப ஞாபகம் வருது"ன்னா. அடுத்த தடவை, "எந்தப் பாத்திரத்துலக்கா?"ன்னா. "அந்த அடி நசுங்குன குண்டாவுல"ன்னேன். "ரித்து எங்க இருந்தா?" "உன் முதுகுல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தா. உன் முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு." "நான் திரும்பிப் பாத்தனா?" "பாத்தே. பாத்துட்டு சரிக்கான்னே."

இப்படியே ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கேப்பா, நான் ஒண்ணு குடுப்பேன். எல்லாத்துக்கும் "ஆமாக்கா, ஆமாக்கா". இப்பெல்லாம் அவ எனக்கே சொல்றா, "தண்ணி வெள்ளையா வாசப்படி வரைக்கும் ஓடுச்சுல்லக்கா"ன்னு. அது நான் சொல்லலைங்க. அவளா சேத்துக்கிட்டது.

கேளுங்க, எனக்கும் இப்பத் தெரியுது. கண்ணை மூடுனா அவ அரிசி களையறா, குழந்தை முதுகுல சாஞ்சு நிக்குது, தண்ணி ஓடுது. நான் என் வாசல்ல நின்னு சொல்றேன். அவ திரும்பறா. திரும்பி சரிக்கான்னு சொல்ல வாயைத் திறக்கறா, அத்தோட நின்னுரும். குழந்தை மட்டும் திரும்பிப் பாத்து "மாமா என்ன பண்றீங்க"ங்குது. அப்படி ஒரு சாயங்காலமே கிடையாதுங்க. நான் பண்ணுனது. ஆனா நெசமா நடந்த ஆறு மணி எனக்கு மங்கலாத்தான் இருக்கு. இதுதான் பளிச்சுன்னு இருக்கு.

போன செவ்வாக்கிழமை அவங்கம்மா போனை வாங்கிப் பேசுச்சு. "வேணி, அவ விடியக்காலம் எந்திரிச்சு கதவைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா சாமி. நாதாங்கியைத் தடவறா. என்ன தேடறேன்னா சொல்ல மாட்டேங்கறா. நீ சொன்னா கேப்பா, ஒரு தடவை வந்துட்டுப் போ"ன்னு.

அவளும் ஆறு மணிக்குத்தான் எந்திரிக்கறாளாம்.

வரத்தான் வேணும், வேற வேலையும் இருக்கு. கோயமுத்தூர்ல இதே மாதிரி ஒண்ணு நடத்தறாங்க, இன்னும் பெருசு, ரெண்டாயிரம் பேரு. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இந்தத் தடவை தவமணியும் மேடையில நிக்கணும், ரெண்டு பேரும் அந்த வட்டத்துல சேந்து நிக்கணும்னு கேக்கறாங்க. போன்ல சொன்னேன். "நீங்க சொன்னா சரிக்கா, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னா. அதுக்குத்தான் வர்றேன்னு எங்கவீட்டுக்காரருகிட்ட சொல்லியிருக்கேன். கம்பெனியிலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

இது மூணாவது தடவைங்க. போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் இதே பஸ்ஸு, இதே கண்டக்டரு. பிரிவு வந்துச்சு, விசில் அடிச்சாரு, "கரட்டுப்பட்டி இறங்கு"ன்னாரு. தவமணி அங்க நிழல்குடையில உக்காந்திருந்தா. என்னைத் தேடி ஒவ்வொரு சன்னலா பாத்தா. நான் குனிஞ்சு செருப்பைச் சரி பண்ணுனேன். பஸ்ஸு கிளம்பிருச்சு. திண்டுக்கல்லு வரைக்கும் போயி, ஒரு டீ குடிச்சுட்டு, திரும்ப வந்தேன். வர்ற வழியில மறுபடி பிரிவு. அவ அப்பவும் உக்காந்திருந்தா. ரெண்டு மணி நேரமா. பொழுதோட போன் பண்ணி, "கவினுக்கு காய்ச்சல், அடுத்த வாரம் வர்றேன்"ன்னு சொன்னேன். "சரிக்கா, பாத்துக்கங்கக்கா, குழந்தையைத் தனியா விட்டுராதீங்க"ன்னா.

அவ குத்தலாச் சொல்லலைங்க. அவளுக்குக் குத்தலாப் பேசத் தெரியாது.

ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோமா? எப்பங்க? நான் பாக்கவே இல்ல. அப்ப இன்னும் பத்து நிமிஷம்தான்.

உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டேன். பன்னெண்டு நிமிஷம் எப்பவோ தாண்டியிருக்கும். ஒண்ணு சொல்லுங்க அம்மிணி. அன்னைக்கு என் முறை, உன்னை நான் கேக்கல, கேட்டேன்னு சொன்னது பொய்யின்னு இப்ப உங்ககிட்ட சொன்னேனில்ல? சரியாத்தான் சொன்னேனா? புரியற மாதிரி இருந்துச்சா? நாலு தடவை கண்ணாடி முன்னால சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அரிசி களையற இடம் நடுவுல வந்துருது. இப்ப உங்ககிட்டதான் அது இல்லாம முழுசா வந்துச்சு. அவ மூஞ்சிக்கு நேராவும் இப்படியே வரணும். பேப்பர் பாக்காம.

சொன்னா என்ன ஆகும்னு யோசிக்கறேன். என்னை அடிப்பாளா? அடிச்சா நல்லது. "ஆமாக்கா"ன்னு சொல்லிட்டான்னா? நீங்க சொன்னா சரிக்கான்னுட்டான்னா? அதைத்தான் நினைச்சா...

இருங்க, பர்சைத் திறக்கறேன். இதாங்க. திரையில கதவளவு பாத்தீங்களே, இவ்வளவு சின்னது. ஒரு ஓரம் வெளுத்துப் போச்சு பாருங்க, வெயில்ல. இதை இப்படி, என் முந்தானையில மாட்டிக்கறேன். தோள்கிட்ட, நல்லாத் தெரியற மாதிரி. இதைப் பாத்தா அவளுக்குப் புரியும். புரியலைன்னா நான் சொல்லுவேன், இன்னைக்கு முறை என்னுதுன்னு. அன்னைக்கும் என்னுதுன்னு.

நல்லாத் தெரியுதுங்களா?

விசில் அடிச்சுட்டாரு. இதோ, "இன்னைக்காவது இறங்கும்மா"ன்னு சத்தம் போடறாரு. அந்தா பாருங்க, நிழல்குடையில, ஊதாச் சேலை. அவதான் தவமணி. எந்திரிச்சுட்டா. சன்னல் சன்னலாப் பாத்துக்கிட்டு வர்றா. இந்தாங்க உங்க பையி. எந்திரிக்கறேன், எந்திரிக்கறேன். காலு மரத்துப் போச்சா என்னன்னு தெரியல, வர மாட்டேங்குது. மூணாவது சன்னலுக்கு வந்துட்டா.

தள்ளுங்க அம்மிணி. முதுகுல கையை வச்சு, நல்லா. தள்ளி விடுங்க.